பத்து சென்ரிமீற்றர் மதில்



இந்த முறை உங்களுக்கு ஒரு கல்லின் கதையைச் சொல்லப் போகிறேன். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டைப் பற்றிய கதை என்று நினைக்க வேண்டாம். உங்கள் வீட்டு வாசலைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்தால் காலில் படுகிற கல் அது. நடைபாதை முடிந்து தெரு தொடங்குகிற இடத்தில் நீளமாக ஓடுகிற விளிம்புக் கல். இங்கிலாந்தில் நாங்கள் அதைக் ‘கேர்ப்’ என்கிறோம். பெரும்பாலான தெருக்களில் அது பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் உயரம் இருக்கும். வீட்டுப் படி ஒன்றைவிடக் குறைவு. நீங்களும் நானும் போனைப் பார்த்துக்கொண்டே ஏறி இறங்குகிற உயரம்.

அந்த உயரம்தான் என் அம்மம்மாவைக் கோயிலுக்குப் போகவிடாமல் நிறுத்தியது. அதை விளங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன.

அம்மம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு கிழக்கு லண்டனில் இருந்தா. வெள்ளிக்கிழமை என்றால் அவவுக்குக் கோயில்தான். நடந்தால் பத்து நிமிடம். எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது அவ குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலி. மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு முதல் வெள்ளிக்கிழமை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். பெருமையாக இருந்தது. அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அவ சிரித்துக்கொண்டே வந்தா.

இரண்டாவது சந்தியில் நடைபாதை அப்படியே செங்குத்தாக முடிந்தது. எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியாது. முன்பக்கமாகவே தள்ளினேன். முன்னுக்கு இருக்கிற சின்னச் சக்கரங்கள் இரண்டும் தொப்பென்று விழுந்தன. அம்மம்மா முன்னால் சரிந்தா. பக்கத்துக் கடையில் நின்ற ஒருவர் ஓடிவந்து பிடித்ததால் அவ விழவில்லை. தேங்காய் உருண்டு நடுத்தெருவுக்குப் போய்விட்டது. ஒரு கார் அதற்காக நின்றது. அம்மம்மா சிரித்தா. நானும் சிரித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவ சொன்னா: “வேண்டாம் பிள்ளை, எனக்கு ஏலாது. வீட்டுச் சாமிக்கு விளக்கு வைச்சாக் காணும்.”

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையே சொன்னா. பிறகு நாங்கள் கேட்பதை விட்டுவிட்டோம். வயது போய்விட்டது, அலுப்பு என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது ஒரு கட்டுரைக்காகத் தெருக்களின் வரலாற்றைத் தேடினேன். அங்கேதான் அந்தச் சந்தி திரும்பவும் என் கண்முன் வந்தது. அம்மம்மாவுக்கு ஏலாமல் போனதா, அந்தத் தெருவுக்கு ஏலாமல் போனதா?

போரிலிருந்து திரும்பியவர்கள்

சக்கர நாற்காலி இறங்குவதற்காக நடைபாதை விளிம்பைச் சரிவாக வெட்டிக் கட்டுவதை அமெரிக்காவில் ‘கேர்ப் கட்’ என்பார்கள். பிரித்தானியாவில் ‘ட்ரொப்ட் கேர்ப்’. நான் இங்கே சரிவு விளிம்பு என்று எழுதுகிறேன்.

இதன் கதையில் முதலில் வருகிற ஊர்களில் ஒன்று கலமசூ. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. ஆண்டு 1945. இரண்டாம் உலகப் போர் முடிந்து படையினர் வீடு திரும்பிக்கொண்டிருந்த நேரம். பக்கத்தில் பாட்டில் கிரீக் என்ற ஊரில் பெரிய இராணுவ மருத்துவமனை ஒன்று இருந்தது. கையையும் காலையும் இழந்த பலர் அங்கே சிகிச்சை பெற்றார்கள். செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, ஊன்றுகோலோடு, சக்கர நாற்காலியில் அவர்கள் வெளியே வந்தபோது தெரு அவர்களைத் தடுத்தது.

ஜாக் ஃபிஷர் என்ற சட்டத்தரணியும் போரில் இருந்து உடல் பாதிப்போடு திரும்பியவர்தான். அவர் நகரசபையிடம் போய்ச் சந்திகளில் விளிம்பைச் சரிவாக்கித் தரும்படி கேட்டார். நகரசபை ஒத்துக்கொண்டு, நகரத்தின் நடுப்பகுதியில் சில மூலைகளில் பரீட்சார்த்தமாகச் சரிவுகளைக் கட்டியது. பிடித்துக்கொண்டு நடக்கச் சில இடங்களில் கைப்பிடிக் குழாய்களும் வைத்தார்கள்.

இதை வாசித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. போரில் காலை இழந்தவர்களுக்கு அரசாங்கம் பதக்கம் கொடுத்தது, மருத்துவம் கொடுத்தது, செயற்கைக் காலும் கொடுத்தது. கடைக்குப் போய்ப் பாண் வாங்குவதற்கு மட்டும் ஒருவர் மனுப் போட வேண்டியிருந்தது. போரைப் பற்றித் தெரிந்த சமூகம் நாங்கள். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வருவேன்.

பெர்க்லியும் ஒரு கட்டுக்கதையும்

அடுத்த ஊர் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி. எட் ராபர்ட்ஸ் என்பவருக்குப் பதினான்கு வயதில் போலியோ வந்தது. கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் அசைவில்லை. இரவில் மூச்சு விடுவதற்கு ‘இரும்பு நுரையீரல்’ என்ற பெரிய உருளை இயந்திரத்துக்குள் படுக்க வேண்டும். 1962இல் அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேர்ந்தார். அந்த இயந்திரத்தைத் தாங்கக்கூடிய விடுதி அறை இல்லாததால் வளாக மருத்துவமனையில் ஒரு பகுதியை அவருக்குக் கொடுத்தார்கள். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்து சேர்ந்தார்கள். நோயாளிகளாக அல்ல, மாணவர்களாக அந்த மருத்துவமனையில் வாழ்ந்த அவர்கள் தங்களுக்கு ஒரு வேடிக்கைப் பெயரும் வைத்துக்கொண்டார்கள்: ‘ரோலிங் குவாட்ஸ்’.

இந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு கதை உலகமெல்லாம் சுற்றுகிறது. நள்ளிரவில் சுத்தியலும் சீமெந்து மூட்டையும் எடுத்துக்கொண்டு போய், ஒருவருக்கும் தெரியாமல் தெரு மூலைகளை உடைத்துச் சரிவு கட்டினார்களாம். கேட்க நல்ல சினிமா மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களே அது மிகைப்படுத்திய கதை என்று சொல்லியிருக்கிறார்கள். அங்கொன்று இங்கொன்றாகச் சிலர் தாங்களே சரிவு போட்டிருக்கலாம். பெரும்பாலான சரிவுகள் பகல் வெளிச்சத்தில், நகரசபைக் கூட்டங்களில் பேசிப் பேசி வாங்கப்பட்டவை. 1971இல் பெர்க்லி நகரசபை, இனித் தெருக்களையும் நடைபாதைகளையும் இவர்களும் போய்வரும்படி அமைப்பதே தன் கொள்கை என்று தீர்மானம் எடுத்தது.

எந்தச் சந்தியில் முதலில் கட்டுவது? எந்த வழியாகப் போனால் வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வகுப்புக்கும் இடையில் ஒரு விளிம்புகூடத் தடுக்காது? இப்படியான வேலையில் முன்னின்றவர்களில் ஒருவர் ஹேல் சூக்காஸ். பெருமூளை வாதத்தோடு பிறந்தவர், கணிதம் படித்தவர். தலையில் கட்டிய ஒரு குச்சியால் எழுத்துப் பலகையைத் தொட்டுத் தொட்டுத்தான் பேசுவார். ஒரு வசனம் முடிய நேரம் எடுக்கும். அப்படி ஒருவர் கூட்டம் கூட்டமாகப் போயிருந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, ஒரு நகரத்தை மாற்றினார். எனக்கு நள்ளிரவுச் சுத்தியலைவிட இந்தக் கதைதான் பிடித்திருக்கிறது.

1972இல் அவர்கள் பெர்க்லியில் சுதந்திர வாழ்வு நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். எட் ராபர்ட்ஸ் பற்றி இன்னொரு செய்தி. அவர் வேலை செய்ய முடியாத அளவுக்கு உடல் இயலாதவர் என்று சொல்லி, மாநில மறுவாழ்வுத் திணைக்களம் ஒரு காலத்தில் அவருடைய படிப்புச் செலவுக்கு உதவ மறுத்தது. 1975இல் அதே திணைக்களத்துக்கு இயக்குநராக நியமிக்கப்பட்டவர் அவர்தான்.

காகிதத்திலிருந்து தெருவுக்கு

அமெரிக்காவில் 1973இல் மறுவாழ்வுச் சட்டம் வந்தது. அதன் 504ஆம் பிரிவு, மத்திய அரசின் பணம் பெறுகிற எந்த இடமும் உடல் இயலாமையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது. ஆனால் அதைச் செயல்படுத்தும் விதிகளில் நான்கு வருடமாக ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை. சட்டம் இருந்தது, தெருவில் ஒன்றும் மாறவில்லை.

1977 ஏப்ரல் 5ஆம் திகதி, சான்பிரான்சிஸ்கோவில் இருந்த மத்திய அரசுக் கட்டடத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போய் உட்கார்ந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள், பார்வை இல்லாதவர்கள், காது கேளாதவர்கள். ஏறக்குறைய நான்கு வாரம் அவர்கள் வெளியேறவில்லை. தொலைபேசியைத் துண்டித்தபோது, காது கேளாதவர்கள் ஜன்னல் வழியாகக் கைமொழியில் வெளியே நின்றவர்களோடு பேசினார்கள். பிளாக் பாந்தர் கட்சிக்காரர் நாள்தோறும் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். தலைமை தாங்கியவர்களில் ஒருவர் ஜூடி ஹியூமன். சிறு வயதில், சக்கர நாற்காலி தீயணைப்புக்கு ஆபத்து என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்கப்பட்டவர். ஏப்ரல் 28இல் விதிகள் கையெழுத்தாயின.

அடுத்த வருடம், 1978 ஜூலை 5ஆம் திகதி, டென்வர் நகரத்தின் நடுச் சந்தியில் பத்தொன்பது பேர் சக்கர நாற்காலிகளோடு பஸ்களை மறித்தார்கள். இரவு முழுக்க அந்தத் தெருவிலேயே இருந்தார்கள். சரிவு விளிம்பு இருந்து என்ன, பஸ்ஸில் ஏற முடியாவிட்டால்? நடைபாதை, சந்தி, பஸ் மூன்றும் சங்கிலி மாதிரி. ஒரு வளையம் அறுந்தால் முழுச் சங்கிலியும் வீண்.

1990 மார்ச் 12ஆம் திகதி வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் ஏறக்குறைய அறுபது பேர் தங்கள் நாற்காலிகளையும் ஊன்றுகோல்களையும் கீழே விட்டுவிட்டுக் கைகளால் ஊர்ந்து ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி எட்டு வயதுச் சிறுமி. அந்த ஜூலை 26இல் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் கையெழுத்தானது.

இந்தப் பெரிய காட்சிகள் எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வந்த ஒரு சின்ன வழக்கு. பிலடெல்பியா நகரம் தன் தெருக்களுக்குப் புதிதாகத் தார் போட்டுக்கொண்டே இருந்தது. சந்திகளில் மட்டும் சரிவு கட்டவில்லை. தார் போடுவது வெறும் பராமரிப்பு என்பது நகரத்தின் வாதம். அங்கே வாழ்ந்த மாற்றுத்திறனாளிகள் வழக்குப் போட்டார்கள். 1993இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், தெருவுக்குப் புதிதாக மேற்பரப்புப் போடுவது அந்தத் தெருவை மாற்றி அமைப்பதுதான், ஆகவே அதே நேரத்தில் சரிவும் கட்ட வேண்டும் என்றது. இதன் பலன் என்ன? எந்தத் தெருவும் என்றைக்காவது பழுதாகும். பழுதானால் தார் போட வேண்டும். தார் போட்டால் சரிவு வரும். ஒரு நல்ல விதி இப்படித்தான் சத்தமில்லாமல் ஊர் முழுக்கப் பரவும்.

ஒருவருக்குச் சரிவு, இன்னொருவருக்கு ஆபத்து

கதை இத்தனை சுலபமாக முடிவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பார்வை இல்லாத ஒருவர் வெள்ளைத் தடியோடு நடந்து வருகிறார். நடைபாதை முடிந்துவிட்டது, இனி வாகனம் வரும் என்று அவருக்கு எது சொல்கிறது? அந்தக் கல்தான். தடி கீழே இறங்குகிற அந்தப் பத்து சென்ரிமீற்றர்தான். அதைச் சரிவாக்கினால், தெரியாமலே அவர் நடுத்தெருவுக்குப் போய்விடலாம்.

ஆக, அம்மம்மாவைத் தடுத்த கல் இன்னொருவரின் உயிரைக் காத்த கல். இரண்டு பேருடைய தேவையும் உண்மையானது. இருவரில் ஒருவரை விட்டுக்கொடுக்கச் சொல்வதா?

விடை ஜப்பானில் இருந்தது. செய்இச்சி மியாகே என்பவர், பார்வை குறைந்துகொண்டு வந்த ஒரு நண்பருக்காக, மேற்பரப்பில் குமிழ்கள் உள்ள ஒரு கல்லைக் கண்டுபிடித்தார். 1967 மார்ச் 18ஆம் திகதி, ஒகயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே உள்ள தெருவில் அது முதன்முதலாகப் பதிக்கப்பட்டது. காலால் மிதித்தாலும் தடியால் தொட்டாலும் தெரியும். குமிழ் என்றால் ‘நில், கவனம்’. நீளக் கோடு என்றால் ‘இந்த வழியாகப் போ’. மஞ்சள் நிறம், கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கு உதவும். பிறகு ரயில் மேடைகளுக்கு வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க இருக்கிறது.

நீங்கள் பிரித்தானியாவில் இருந்தால் வெளியே போகும்போது குனிந்து பாருங்கள். சரிவு விளிம்பில் குமிழ்க் கற்கள் இருக்கும். சிவப்பு நிறம் என்றால் சிக்னல் அல்லது சீப்ராக் கடவை உள்ள இடம். மங்கிய மஞ்சள் என்றால் அவை இல்லாத இடம். இன்னொன்றும் செய்து பாருங்கள். சிக்னலில் பொத்தானை அழுத்துகிற பெட்டி இருக்கிறதல்லவா, அதன் அடியில் கையை விட்டுத் தடவினால் பல இடங்களில் சின்னக் கூம்பு ஒன்று தட்டுப்படும். பச்சை மனிதன் வந்தவுடன் அது சுழலும். பார்க்கவும் கேட்கவும் முடியாத ஒருவர்கூட விரலால் தெரிந்துகொண்டு கடக்கலாம். நான் பிறந்த நாளிலிருந்து இந்த நாட்டில் இருக்கிறேன். அந்தக் கூம்பைப் பற்றி இருபது வயதுக்குப் பிறகுதான் தெரியும்.

இந்தப் பிரச்சினை திரும்பவும் வந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பல நகரங்கள் விளிம்பையே எடுத்துவிட்டு, வாகனமும் மக்களும் ஒரே தளத்தில் போகிற தெருக்களைக் கட்டின. லண்டனில் அருங்காட்சியகங்கள் உள்ள எக்ஸிபிஷன் ரோட் அப்படி மாற்றப்பட்டது. சாரதியும் நடப்பவரும் கண்ணால் பார்த்து விட்டுக்கொடுப்பார்கள் என்பது எண்ணம். கண் தெரியாதவர் எப்படிப் பார்ப்பார்? பார்வையற்றோர் தொடர்ந்து கேட்ட அந்தக் கேள்விக்குப் பிறகு, 2018இல் அரசாங்கம் இப்படியான புதிய திட்டங்களை நிறுத்தி வைக்கும்படி உள்ளூராட்சிச் சபைகளைக் கேட்டுக்கொண்டது.

ஒரு சொல்லின் வரலாறு

பிரித்தானியாவில் சரிவு விளிம்புக்காக ஆரம்பத்திலேயே உழைத்தவர் செல்வின் கோல்ட்ஸ்மித். போலியோவால் பாதிக்கப்பட்ட கட்டடக் கலைஞர். 1963இல் மாற்றுத்திறனாளிகளுக்கான கட்டட அமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளியானது. பிறகு நொரிச் நகரத்தில் சக்கர நாற்காலியில் வாழ்ந்த பலரை நேரில் சந்தித்துப் பேசினார். அந்த நகரத்தில் 1960களிலேயே சரிவு விளிம்புகள் கட்டப்பட்டன.

ஆனால் இங்கிலாந்து உலகத்துக்குக் கொடுத்த பெரிய விஷயம் ஒரு சிந்தனை. 1972இல் போல் ஹண்ட் என்பவர் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விடுதிகளில் அடைபட்டு வாழும் மாற்றுத்திறனாளிகள் ஒன்றுசேர வேண்டும் என்று கேட்டார். அதிலிருந்து ஓர் அமைப்பு உருவானது. அதில் சேர்ந்தவர்களில் ஒருவர் விக் ஃபிங்கல்ஸ்டைன். தென்னாபிரிக்காவில் நிறவெறிக்கு எதிராகப் போராடிச் சிறை சென்று, 1968இல் பிரித்தானியாவுக்கு வந்தவர். சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். எங்கள் பெற்றோர் பலரைப் போல அவரும் நாட்டை விட்டு வந்த அகதி.

அவர்கள் 1976இல் சொன்னது இதுதான். என் கால் நடக்காது என்பது என் உடலின் நிலை. நான் கடைக்குப் போக முடியாது என்பது தெருவைக் கட்டியவர்கள் எனக்குச் செய்தது. முதலாவதை மருத்துவர் பார்க்கட்டும். இரண்டாவதைச் சமூகம்தான் திருத்த வேண்டும்.

நம்முடைய மொழியை யோசித்துப் பார்க்கிறேன். நொண்டி, குருடு, செவிடு என்று ஆளையே குறையின் பெயரால் கூப்பிட்ட காலம் இன்னும் முழுதாகப் போகவில்லை. பிறகு ஊனமுற்றோர் என்றார்கள். கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி என்ற சொல் அரசு வழக்கானது. இலங்கையில் வலுவிழந்தோர் என்று எழுதுவதையும் பார்க்கலாம். எல்லாச் சொல்லும் அந்த ஆளைப் பற்றியே பேசுகிறது. ‘வலுவிழந்தவர்’ என்பதற்கும் ‘வலுவிழக்கச் செய்யப்பட்டவர்’ என்பதற்கும் இடையில்தான் ஃபிங்கல்ஸ்டைன் சொன்ன முழு வித்தியாசமும் இருக்கிறது. அம்மம்மா “எனக்கு ஏலாது” என்றா. அவவை ஏலாதவவாக ஆக்கியது அந்த மூலை. நாங்கள் அவ சொன்னதை அப்படியே நம்பினோம்.

பிரித்தானியாவில் 1995இல் பாரபட்சத் தடைச் சட்டம் வந்தது. அதற்கு முன் மாற்றுத்திறனாளிகள் லண்டன் தெருக்களில் பஸ்களோடு தங்களைச் சங்கிலியால் பிணைத்துப் போராடினார்கள். இப்போது அதன் இடத்தில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இருக்கிறது.

ஊரில்

சில வருடங்களுக்கு முன் ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் வன்னியில் இருக்கிறார். 2009இல் ஷெல் விழுந்து ஒரு கால் போனது. இப்போது செயற்கைக் கால் போட்டிருக்கிறார். ஊன்றுகோலும் வைத்திருக்கிறார். யாழ்ப்பாணம் போகலாம், மாமா, பஸ்ஸில் போவோமா என்று கேட்டேன். சிரித்தார். பஸ்ஸின் முதல் படி அவருடைய முழங்கால் உயரம். இறங்கினால் வாய்க்கால் மேல் மூடி போட்ட நடைபாதை. நாலு மூடிக்கு ஒரு மூடி இல்லை. நடைபாதையில் மோட்டார் சைக்கிள்கள். கடைக்குள் போக மூன்று படி.

“கால் தந்திட்டாங்கள். ரோட்டைத்தான் இன்னும் தரேல்ல,” என்றார்.

கலமசூவில் 1945இல் ஜாக் ஃபிஷர் சொன்னதும் இதைத்தான் என்று எனக்குப் பட்டது.

இலங்கையில் சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2006இல் கட்டடங்களுக்கான விதிகளும் வந்தன. அஜித் பெரேரா என்பவர் கிரிக்கெட் நடுவராக இருந்தவர். 1992இல் வீதியோர மரம் ஒன்று அவருடைய காரின் மேல் விழுந்ததால் சக்கர நாற்காலிக்கு வந்தார். அவர் போட்ட வழக்கில், புதிதாகக் கட்டும் பொதுக் கட்டடங்கள் எல்லோரும் போய்வரக் கூடியதாக இருக்க வேண்டும் என்று 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. 2016இல் இலங்கை ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனத்தையும் ஏற்று உறுதிசெய்தது. காகிதத்துக்கும் தெருவுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று அமெரிக்கக் கதையில் பார்த்தோம்.

சென்னையில் 2022 நவம்பரில், சக்கர நாற்காலியில் வருபவர்களும் கடல் அலைக்குப் பக்கத்தில் போவதற்காக மெரினா மணலில் மரப்பாதை ஒன்றைத் திறந்தார்கள். வாழ்நாளில் முதல் முறையாகக் கடலைக் கிட்டப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இரண்டு கிழமைக்குள் மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. பிறகு திருத்தினார்கள். கட்டுவது பாதி வேலை, கட்டியதைப் பாதுகாப்பது மீதி வேலை.

ஒரு கேள்வி

சரிவு விளிம்பைப் பற்றிப் பேசும் எல்லோரும் ஒன்று சொல்வார்கள். சக்கர நாற்காலிக்காகக் கட்டியது, பிள்ளையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிற தாய்க்கும், பெட்டி இழுத்துப் போகிற பயணிக்கும், சாமான் கொண்டுவருகிற தொழிலாளிக்கும் உதவுகிறது. உண்மைதான். நானும் அதைச் சொல்லிப் பலரோடு வாதாடியிருக்கிறேன்.

இப்போது கொஞ்சம் தயக்கம் வருகிறது. வேறு யாருக்கும் பயன்படாவிட்டால் கட்டத் தேவையில்லையா? அந்தச் சந்தியை ஒரே ஒரு கிழவி, கிழமைக்கு ஒரு தடவை, அர்ச்சனைத் தட்டோடு கடப்பதாக இருந்தால் போதாதா? எனக்குப் போதும் என்றுதான் படுகிறது. தெரு எல்லோருக்கும் என்று சொல்லிவிட்டால், அந்த ‘எல்லோருக்கும்’ என்ற சொல்லில் தள்ளுபடி இருக்க முடியாது.

அம்மம்மா போய் ஆறு வருடம். கடைசிக் காலத்தில் ஒருநாள் அவவிடம் கேட்டேன், அன்றைக்கு அந்தத் தேங்காய் உருண்டதாலா கோயிலுக்கு வராமல் விட்டீங்கள் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. “நான் விழுந்தா எனக்குக் காயம். ஆனா நீதானே பிள்ளை காலம் முழுக்க அழுதிருப்பாய்,” என்றா. எனக்காகத்தான் அவ வீட்டில் இருந்தா.

போன மாதம் அந்தச் சந்திக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் சரிவு கட்டி, குமிழ்க் கல்லும் பதித்திருக்கிறார்கள். எதிர்ப் பக்கத்தில் பழைய கல் அப்படியே இருக்கிறது. இறங்கலாம், ஏற முடியாது. அளவு நாடா வைத்து அளந்தேன். பதினொரு சென்ரிமீற்றர். படம் எடுத்து, தெருவின் பெயரும் எந்தக் கடைக்கு முன்னால் என்பதும் எழுதி உள்ளூராட்சிச் சபைக்கு அனுப்பினேன். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது. அடுத்த தடவை அந்தத் தெருவுக்குத் தார் போடும்போது கவனிப்பார்களாம். எப்போது தார் போடுவீர்கள் என்று கேட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து கோயிலுக்கோ, தமிழ்ப் பள்ளிக்கோ, கடைக்கோ போகிற வழியை ஒரு தடவை சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்ணால் பாருங்கள். எங்கே நிற்க வேண்டி வருகிறது என்று எண்ணுங்கள். உங்கள் வீட்டில் யாராவது ‘எனக்கு ஏலாது’ என்று சொன்னால், எந்த இடத்தில் ஏலாது என்று கேளுங்கள். நாங்கள் கேட்கத் தவறியது அந்த ஒரு கேள்வியைத்தான்.